'எம்' என்ற ஆங்கில எழுத்துக்கு ஓய்வே இல்லை

பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு. அவற்றில் மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகங்களான கெப்பாசிட்டர்களில் 'எம்எஃப்டி' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சேமிப்புத் திறனின் அலகு ஃபாரட். புதியவர்கள் மில்லிஃபாரட் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது மைக்ரோஃபாரட். பக்கத்திலிருக்கும் குட்டி மைக்கா கெப்பாசிட்டரில் எம் இரண்டு தடவை வரும்: 'எம்எம்எஃப்டி', அதாவது மைக்ரோமைக்ரோஃபாரட். இன்றைக்கு அதைப் பிகோஃபாரட் என்கிறோம். மில்லி, மைக்ரோ மாதிரி அலகுக்கு முன்னால் சேர்க்கும் முன்னொட்டின் மேல் இன்னொரு முன்னொட்டு ஏற்றுவதை எஸ்ஐ என்னும் சர்வதேச அலகு முறை அனுமதிப்பதில்லை. நல்லவேளை.

என் குறையெல்லாம் இந்த எம் மேல்தான். தனியாக நின்றால் மீட்டர். அலகுக்கு முன்னால் சின்ன எழுத்தாக வந்தால் மில்லி, பெரிய எழுத்தாக வந்தால் மெகா. மின்தடையை அளக்கும் ஓமில், மில்லிஓமுக்கும் மெகாஓமுக்கும் நடுவே 100 கோடி மடங்கு இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது ஒரு ஷிஃப்ட் பட்டன்!

மைக்ரோவும் அதே எழுத்தில் தொடங்குவதால் அதற்குக் கிரேக்க மியூவைக் கொடுத்தார்கள். முன்னொட்டுக் குறிகளில் கிரேக்க எழுத்து அது ஒன்றுதான். கீபோர்டில் சட்டென்று கிடைக்காததால் பலரும் அதற்குப் பதில் சின்ன யூ போட்டுவிடுகிறார்கள். யூனிகோடிலோ அதற்கு இரண்டு இடம்: மைக்ரோ குறி தனி, கிரேக்க எழுத்து தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். மருந்துச் சீட்டில் கையால் எழுதிய மியூ எம் மாதிரித் தெரிந்துவிட்டால் அளவு 1000 மடங்கு ஏறிவிடும். அதனால்தான் மைக்ரோகிராமை 'எம்சிஜி' என்று எழுதச் சொல்கிறார்கள். அதிலும் எம்தான், பாருங்கள்.

கிலோவுக்குச் சின்ன கே. பெரிய கே வெப்பநிலை அலகான கெல்வினுக்கு. சர்க்யூட் படங்களில் யாரும் இதைச் சட்டை செய்வதில்லை, நானும் சண்டைக்குப் போவதில்லை.

அந்தப் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. 4.7 கிலோஓம் என்பதை '4கே7' என்றும், 4.7 நானோஃபாரட் என்பதை '4என்7' என்றும் போடுவார்கள். நகலெடுக்கும்போது புள்ளி மங்கிப் போகலாம், எழுத்து அவ்வளவு சுலபமாகப் போகாது. முன்னொட்டே இல்லாத 2.2 ஓமுக்கு '2ஆர்2'.

2022-இல் புதிய முன்னொட்டுகள் வந்தபோது மிச்சமிருந்த ஆர், க்யூ இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது பெரிய ஆர் என்றால் ரோனா, 1-க்குப் பின்னால் 27 சுழியம். சரி, ரோனாஓம் ரெசிஸ்டரை யாரும் செய்யப்போவதில்லை. என் '2ஆர்2'வுக்கு ஆபத்தில்லை.