இந்த விலை எங்கிருந்து வந்தது?

புதிய ஆர்டர் மேலாண்மை மென்பொருள் வரும்போது விலைகளை ஏற்றும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பொருள் பட்டியல் தயார், வாடிக்கையாளர் பட்டியல் தயார், இரண்டையும் இணைத்து ஓர் எக்ஸெல் கோப்பைப் பதிவேற்றினால் முடிந்தது என்று திட்டக் கூட்டத்தில் பேசிக்கொள்வார்கள். வாடிக்கையாளர்வாரி விலை அமைப்பைப் பல நிறுவனங்களில் செய்துகொடுத்திருக்கிறேன். மொத்தத் திட்டத்திலும் அதிகப் பொறுமையைக் கேட்பது இந்தப் பகுதிதான். விலைகளைத் தட்டச்சு செய்ய நேரம் ஆகாது. ஒவ்வொரு விலையும் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று தேடிப் பிடிக்கத்தான் நேரம் ஆகும். அந்தக் காரணம் தெரியாமல் ஏற்றிய விலையைப் பிறகு யாரும் தொடத் துணிய மாட்டார்கள்.

ஒரு விநியோக நிறுவனத்தின் பழைய மென்பொருளில் ஏறக்குறைய ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனி விலைப்பட்டியல் இருந்தது. விற்பனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சார், இவங்களுக்கு மட்டும் ஏன் ஏழரை சதவீதம்? இதே அளவு வாங்குற மத்தவங்களுக்கு அஞ்சுதானே?"

"அவங்க சொந்த வண்டியில கிடங்குக்கே வந்து எடுத்துட்டுப் போவாங்க தம்பி. நமக்கு லாரி வாடகை மிச்சம். அதுக்காகக் குடுத்தது."

"இப்பவும் அவங்கதான் வந்து எடுக்குறாங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லையே. இப்ப நாமதானே அனுப்புறோம்."

இப்படிப்பட்ட தள்ளுபடிகள் அந்தக் கோப்பு முழுக்க இருந்தன. கொடுத்தபோது நியாயமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அளவுக்கான 5 சதவீதமும் வண்டிக்கான இரண்டரை சதவீதமும் ஒன்றாகக் கூட்டி எழுதப்பட்டதால், வண்டி வருவது நின்றபோது எதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே நான் எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: தள்ளுபடியைக் காரணவாரியாகப் பிரித்து வைக்க முடியுமா? வாங்கும் அளவுக்கு ஒன்று, உடனே பணம் கட்டுவதற்கு ஒன்று, தானே வந்து எடுத்துக்கொள்வதற்கு ஒன்று, குறிப்பிட்ட காலச் சலுகைக்கு ஒன்று. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளில் கண்டிஷன் டைப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அடிப்படை விலை, பொருளுக்கான தள்ளுபடி, வாடிக்கையாளருக்கான தள்ளுபடி எல்லாம் அதில் தனித்தனி வரியாக நிற்கும். பில் போடும்போது வரிசையாகச் சேர்ந்து கடைசி விலை வரும். சிறிய மென்பொருள்களில் இவ்வளவு வசதி இருக்காது. அங்கே விலைப்பட்டியலின் பெயரிலோ குறிப்புப் பெட்டியிலோ காரணத்தை எழுதச் சொல்வேன். அதுவே பெரிய உதவி.

காரணங்கள் பிரிந்துவிட்டால் விலை அடுக்குகள், அதாவது ஒரே மாதிரி வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான விலை நிலைகள், தாமாகவே தெரிய ஆரம்பிக்கும். தனித்தனி என்று நினைத்த பட்டியல்களில் பெரும்பாலானவை மூன்று நான்கு அடுக்குகளுக்குள் அடங்கிவிடும். மீதி இருப்பவை ஒப்பந்த விலைகள். அடுக்குகள் எத்தனை இருக்கலாம் என்று கேட்பார்கள். விற்பனைக்காரர் ஒருவர் திரையைப் பார்க்காமல் சொல்ல முடிகிற எண்ணிக்கைக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து. அடுக்கு என்பது வாடிக்கையாளரின் கணக்கில் ஒரு புலமாக, அதாவது நிரப்பும் ஒரு கட்டமாக, இருக்க வேண்டும். அவர் ஒரு படி மேலே போகும்போது அந்த ஒரு புலத்தை மாற்றினால் போதும். ஆயிரம் பொருட்களின் விலையைத் திருத்த வேண்டியதில்லை. அடுக்கு விலையை அடிப்படை விலையிலிருந்து இத்தனை சதவீதம் குறைவு என்று சூத்திரமாக வைப்பதும் நல்லது. அடிப்படை ஏறும்போது எல்லா அடுக்குகளும் சேர்ந்தே ஏறும். ஒப்பந்த விலை அப்படி நகரக் கூடாது. அதை நேரடித் தொகையாகவே வைத்து, எப்போது முடிகிறது என்ற தேதியையும் சேர்க்க வேண்டும்.

இனி வருவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரே வாடிக்கையாளருக்கு, ஒரே பொருளுக்கு, மூன்று விலைகள் ஒரே நேரத்தில் பொருந்தினால் எது ஜெயிக்கும்? ஒவ்வொரு மென்பொருளும் இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. எஸ்ஏபியில் தேடும் வரிசையை நாமே அமைக்கலாம். பொதுவாகக் குறிப்பானதிலிருந்து பொதுவானதை நோக்கித் தேடும்படி வைப்பார்கள்: முதலில் இந்த வாடிக்கையாளருக்கு இந்தப் பொருள், பிறகு அவருடைய விலைப்பட்டியல், கடைசியில் பொருளின் பொது விலை. ஓரிடத்தில் கிடைத்ததும் நின்றுவிடச் சொல்லலாம். மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரல் வேறு மாதிரி. அன்றைய தேதிக்குப் பொருந்தும் விலைகளில் எது மிகக் குறைவோ அதைத்தான் எடுக்கும்.

ஒரு வாடிக்கையாளரின் அடுக்கு விலை 90, தனி உறைகட்டு வேண்டும் என்று கேட்டதால் பேசி முடித்த ஒப்பந்த விலை 92 என்று வைத்துக்கொள்வோம். குறிப்பானதை முதலில் தேடும் அமைப்பில் அவருக்கு 92 விழும். குறைந்ததை எடுக்கும் அமைப்பில் 90 விழும். தரவு ஒன்றேதான், பில் மட்டும் வேறு. உறைகட்டுச் செலவு யார் கண்ணிலும் படாமல் நிறுவனத்தின் தலையில் விழும். பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும்போது விலைகளை மட்டும் நகலெடுத்து, முன்னுரிமை விதியைப் பற்றிக் கேட்காமல் விட்டால் இதுதான் நடக்கும். முதல் நாளே இரண்டு விலைகள் மோதும் ஓர் ஆர்டரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆவணம் என்ன சொன்னாலும், திரையில் வருவதுதான் உண்மை.

வாங்கும் அளவு கூடக்கூட விலை குறையும் படிகளான அளவு ஸ்லாப்களிலும் இப்படி ஒரு மறைவான கேள்வி உண்டு. 99 அலகு வரை ஓர் அலகின் விலை 100, நூறு அலகிலிருந்து 90 என்று ஒரு ஸ்லாப். தொட்ட ஸ்லாப்பின் விலை மொத்த எண்ணிக்கைக்கும் பொருந்தும் என்றால் 95 அலகுக்கு 9,500 ஆகும், 100 அலகுக்கு 9,000தான் ஆகும். 91 முதல் 99 வரை வாங்குகிறவர் நூறு வாங்குகிறவரைவிட அதிகம் கட்டுகிறார். கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருபோதும் 95 கேட்க மாட்டார். நூறாகவே கேட்டு, தேவைப்படாததைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார். நூறாவது அலகிலிருந்து மட்டும் குறைந்த விலை என்று படிப்படியாக வைத்தால் இந்தப் பள்ளம் வராது, 100 அலகுக்கு 9,990 ஆகும். ஆனால் விற்பனைப் பிரிவு வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு பெரும்பாலும் முதல் வகைதான். எது சொல்லப்பட்டதோ அதைத்தான் அமைக்க வேண்டும். பள்ளம் இருப்பதை மட்டும் அவர்களுக்கு எண்களோடு காட்டிவிட வேண்டும். அப்புறம், நூறு என்பது ஒரு வரியிலா, முழு ஆர்டரிலா, எல்லாக் கிளைகளும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். ஒரே நிறுவனம் ஐந்து கிளைகளுக்கு இருபது இருபதாகக் கேட்டால் தலைமைக் கணக்கில் கூட்டுவதா என்பதை மென்பொருள் தானாக முடிவு செய்ய விடக் கூடாது.

சதவீதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 5 சதவீதம் அடுத்தடுத்துக் கழிந்தால் 14.5 வரும், 15 வராது. அடக்க விலையின் மேல் 25 சதவீதம் ஏற்றினால் விற்பனை விலையில் லாபம் 20 சதவீதம். இந்த இரண்டையும் கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவேன். முழுமையாக்கலையும், அதாவது தசமங்களை வெட்டிச் சுருக்குவதையும், அங்கேயே பேசிவிடலாம். 12 அலகு கொண்ட பெட்டி 100 என்றால் அலகு விலையை 8.33 என்று வெட்டி வைத்தால் நூறு பெட்டிக்கு 9,996தான் வரும். பெட்டியாக விற்பதைப் பெட்டி விலையாகவே வைப்பது நல்லது.

தேதிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். விலை எந்த நாளைப் பார்க்கிறது? ஆர்டர் வந்த நாளா, சரக்கு கிளம்பிய நாளா, பில் போட்ட நாளா? என்னைக் கேட்டால் ஆர்டர் உறுதியான நாளின் விலை அந்த வரியிலேயே உறைந்து நிற்க வேண்டும். பிறகு பட்டியல் மாறினாலும், சரக்குத் தாமதமானாலும் வாடிக்கையாளருக்குச் சொன்னது மாறக் கூடாது. சரக்கு திரும்பி வந்தால், அதன் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் அந்தப் பழைய பில்லின் விலையிலேயே போக வேண்டும். இன்றைய விலையைத் தேடக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் மென்பொருள் ஓசையில்லாமல் பொது விலைக்குப் போய்விடும். பல ஆண்டு வாடிக்கையாளர் ஒருவருக்குத் திடீரென்று முழு விலையில் பில் போவது அப்படித்தான். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே விற்பனைப் பிரிவுக்கு நினைவூட்டல் போகும்படி அமைத்துவிட்டால் இது நேராது. விலை இல்லாத பொருள் சுழியத்தில் போகாமல் ஆர்டரே நிற்கும்படியும் வைக்க வேண்டும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஆர்டர் எடுப்பவர் சில நேரம் விலையைக் கையால் மாற்றத்தான் வேண்டியிருக்கும். அந்த வழியை அடைத்துவிட வேண்டும் என்று நிர்வாகம் கேட்கும். நான் அடைக்க மாட்டேன். குறைந்தபட்ச விலை என்று ஒரு தரையைப் போட்டு, அதற்கு மேல் மாற்ற அனுமதித்து, மாற்றும்போது காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மாத முடிவில் அந்தக் காரணங்களின் பட்டியலைப் பார்த்தால் அமைப்பு எங்கே பழசாகிவிட்டது என்று தெரிந்துவிடும். ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே பொருளின் விலை திரும்பத் திரும்பக் கையால் மாற்றப்படுகிறது என்றால், அங்கே பேசி முடித்தும் யாரும் பதிவு செய்யாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஆர்டர் எடுப்பவரை விசாரிக்கக் கூப்பிடாமல், அந்த ஒப்பந்தத்தை உள்ளே ஏற்ற வேண்டும்.

நேரடிப் பயன்பாட்டுக்குப் போகும் முன் கடந்த சில மாதப் பில்களை எடுத்து, அதே ஆர்டர்களைப் புதிய அமைப்பில் ஓடவிட்டு, வரிவரியாக ஒப்பிடச் சொல்வேன். வேறுபாடே இல்லாமல் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பழைய குழப்பத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டோமோ என்று. வேறுபடும் வரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வேண்டும்: முழுமையாக்கல், காலாவதியான தள்ளுபடி, வேண்டுமென்றே செய்த திருத்தம். விளக்கம் இல்லாத வரி இருக்கும்வரை தேதியைத் தள்ளிப்போடுவதே மேல். விலை கூடுகிற வாடிக்கையாளருக்கு யார் போன் செய்து சொல்லப் போகிறார் என்பதையும் அப்போதே பெயரோடு எழுதி வைத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் யாருக்காகச் செய்கிறோம் என்று யோசித்தால் ஆர்டர் பிரிவில் போனை எடுக்கிறவர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். "போன தடவை வேற ரேட் போட்டீங்களே?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். திரையில் விலையைத் தொட்டால் அது உருவான விதம் முழுவதும் தெரிய வேண்டும்: அடிப்படை இவ்வளவு, இந்த அடுக்கினால் இவ்வளவு குறைவு, இந்த ஒப்பந்தம் இந்த நாள்வரை. ஒரு நிறுவனத்தில் அந்தத் திரையை அமைத்துக் கொடுத்தபோது ஆர்டர் பிரிவில் இருந்த பெண் சொன்னார்: "இனிமே சேல்ஸ்காரர் லீவுல இருந்தாலும் நானே பதில் சொல்லிடுவேன் சார்." அடுத்த வாரமே அவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய விலையையே கேட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களின் பெயர்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் புதுப்பிக்கலாமா, நிறுத்தலாமா என்று விற்பனை மேலாளர் நிரப்ப ஒரு காலிக் கட்டமும் போட்டிருந்தார்.