கரண்ட் போனாத்தான் ரெக்கார்டிங்

மொத்தமே ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுதானுங்க. ஒரே ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், பாடறதுக்குக் கூட ஆள் கெடையாது. இத வீட்டுல ரெக்கார்ட் பண்ண எனக்கு மூணு மாசம் ஆச்சு. சிரிக்கறவங்க சிரிச்சுக்கங்க, சோமனூர் பக்கம் வீடு இருக்கறவங்க சிரிக்க மாட்டாங்க.

எங்கூட்டுக்கு வலது பக்கம் ஒரு தறி குடோன், பின்னால இட்டேரி தாண்டுனா இன்னொண்ணு. ராத்திரி பகல்னு ஓடும். பொறந்ததுல இருந்து கேக்கறதால எங்களுக்கு அது சத்தமே இல்ல, ராத்திரி தறி நின்னாத்தான் முழிப்பு வரும். மைக்குக்கு அந்தப் பழக்கம் கெடையாதுங்கறத நான் யோசிக்கவே இல்ல.

மொதல்ல மைக் வாங்குன கதை. காந்திபுரத்துக்கு பஸ் ஏறிப் போயி ஒரு கடைல கண்டென்சர் மைக் கேட்டேன். மைக்கும், லேப்டாப் ஹெட்ஃபோன் ஓட்டைல சொருகற மாதிரி ஒரு கேபிளும் குடுத்து "நேரா சொருகுங்க தம்பி, எடுக்கும்"னாரு. வீட்டுக்கு வந்து சொருகுனா ஒரு முக்கல் முனகல் இல்ல. அடுத்த வாரம் லீவு போட்டுட்டுப் போனா கடை பூட்டிக் கெடக்குது, பக்கத்துக் கடைல கேட்டா ஒறம்பறை கல்யாணத்துக்குப் போயிட்டாருங்கறாங்க. மூணாவது தடவ போனப்ப அதே மனுசன் ரொம்ப சாதாரணமா "இதுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேணுமே, உங்ககிட்ட இன்டர்ஃபேஸ் இல்லீங்களா"ங்கறாரு. மைக்குக்கு கேபிள் வழியாவே குடுக்கற கரண்டுதான் அந்த ஃபேன்டம் பவராம், அதக் குடுத்து மைக் சத்தத்த கம்ப்யூட்டருக்கு அனுப்பற பெட்டிதான் இன்டர்ஃபேஸாம். அட கெரகமே, அத மொத நாளே சொல்றதுக்கு என்ன? கேபிளத் திருப்பி எடுத்துக்கவும் மாட்டாராம். அது இப்ப எங்க முருங்க மரத்துக் கெளைய இழுத்துக் கட்டியிருக்கு.

அதனால கண்டென்சர் மைக் வாங்கறவங்க இன்டர்ஃபேஸுக்கும் ஒட்டுக்கா காசு எடுத்து வெச்சுக்கங்க. பெருசெல்லாம் வேண்டாம், ரெண்டு இன்புட் இருக்கற சின்னப் பெட்டி போதும், ஆனா யூஎஸ்பி வழியா லேப்டாப்புல இருந்தே கரண்ட் எடுத்துக்கற மாதிரி பாத்து வாங்குங்க. ஏன்னு பின்னால சொல்றேன். லேப்டாப்புல பதியற சாஃப்ட்வேருக்கு ரீப்பர், 60 நாள் சும்மா ஓட்டிப் பாக்கலாம், அதுல ஒரு தொந்தரவும் இல்ல.

அப்பறந்தான் தறி. ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு மைக் சத்தத்த ஏத்தற கெய்ன் திருகியத் திருப்புனா கிட்டார் எங்கயோ தூரத்துல கேக்குது, டக்கு டக்குன்னு தறில நாடா குறுக்க ஓடி அடிக்கறது காதுக்குள்ள கேக்குது. யாரோ முட்டை அட்டை ஒட்டுனா சத்தம் வராதுன்னு சொன்னதக் கேட்டு, நாமக்கல்ல இருந்து முட்டை எறக்கற வண்டிக்காரர்கிட்ட அம்பது அட்டை வாங்கி ஒரு ஞாயித்துக்கெழம பூரா ரூம் செவுத்துல ஒட்டுனேன். தறிச் சத்தம் நூலளவு கூடக் கொறையல. வெளிச்சத்தம் உள்ள வராம இருக்கணும்னா செவுரும் கதவும் கனமா, சந்து இல்லாம இருக்கணுங்க. அட்டை உள்ள இருக்கற எதிரொலிய வேணும்னா கொஞ்சூண்டு கொறைக்கும், அந்த வேலைய நாலு மடிப்பு மடிச்சுத் தொங்கவுட்ட பவானி ஜமுக்காளமும், மூலைல வெச்ச பனியன் வேஸ்ட் மூட்டையும் இன்னும் நல்லா பண்ணுது. எங்க அம்மாயி வந்து பாத்துட்டு "ஏங்கண்ணு, ரூமுக்குள்ள கோழிப் பண்ண வெக்கப் போறியா"ன்னு கேட்டதுதான் மிச்சம்.

இது பத்தாதுன்னு ஙொய்ய்ய்னு ஒரு இரைச்சல் வேற. எர்த் சரியில்லன்னு வயர்மேன் அண்ணன் எர்த் குழில ரெண்டு கொடம் தண்ணி ஊத்தச் சொன்னாரு, ஊத்துனேன், ஒண்ணும் ஆகல. ஒரு நாள் சாயந்தரம் இதோட மல்லுக் கட்டிட்டு இருக்கறப்ப பட்டுனு கரண்ட் போச்சு. ஹெட்ஃபோன்ல அப்படி ஒரு அமைதி. தறி நின்னுருச்சு, அது சரி, இரைச்சலும் போயிருச்சு, அது எப்படி? லேப்டாப் பேட்டரில ஓடுது, இன்டர்ஃபேஸ் லேப்டாப்புல ஓடுது, சார்ஜர்ல கரண்ட் இல்ல. அவ்வளவுதான், சார்ஜர் வழியாத்தான் அந்த இரைச்சல் வந்துட்டு இருந்திருக்கு. உங்களுக்கும் இரைச்சல் இருந்தா குழில தண்ணி ஊத்தறதுக்கு முன்னால சார்ஜரப் புடுங்கிப் பாத்துருங்க.

அன்னைல இருந்து நான் பேப்பர்ல நாளைய மின்தடை பகுதி மட்டுந்தான் படிச்சேன். மாசாந்திர பராமரிப்புக்கு எங்க ஏரியாவுக்கு காலைல 9 மணில இருந்து சாயந்தரம் 4 மணி வரைக்கும்னு போட்டிருந்தாங்க. ஊரே முந்துன நாள் தொட்டில தண்ணி ரொப்பி வெச்சுது, நான் லேப்டாப்ப ரொப்பி வெச்சேன்.

மொத ஷட் டவுன். ஃபேன் இல்லாம வேர்த்து ஊத்துது, தறி ஓட்டற அண்ணனுக பூரா வேலையில்லாம எங்கூட்டுத் திண்ணைல வந்து உக்காந்து பேச ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களுக்கு டீ வெச்சுக் குடுத்து டீக்கடைப் பக்கம் தாட்டி உட்டா தென்னந்தோப்புல மயில் அகவுது. எங்க ஊர்ல இப்ப காக்காய விட மயில் எச்சு. இருந்தாலும் மூணு மணி நேரத்துல பதினாலு டேக் எடுத்தேன், ஹெட்ஃபோன்ல அவ்வளவு சுத்தமா கேட்டுச்சு. பொழுதோட போட்டுப் பாத்தா தகர டப்பாவுக்குள்ள வாசிச்ச மாதிரி இருக்கு. ரீப்பர்ல இன்புட் லேப்டாப் மைக்குலயே இருந்திருக்கு! நான் கேட்டது இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் வழியா வந்த சத்தம், அது கம்ப்யூட்டருக்குள்ள போகாமயே நேரா காதுக்கு வர்றது, பதிவானது லேப்டாப்போட பொட்டு மைக்குல. பதினாலும் குப்பை. தயவு பண்ணி பத்து செகண்டு எடுத்து, நிறுத்தி, போட்டுக் கேளுங்க. இல்லாட்டி மைக்க நெகத்துல சுரண்டிப் பாருங்க, எந்த மைக் எடுக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுரும்.

ரெண்டாவது மாசம் ஆஸியோ ட்ரைவர் (ரீப்பரையும் இன்டர்ஃபேஸையும் பேச வெக்கற சாஃப்ட்வேர்), இன்புட் எல்லாம் நாலு தடவ பாத்து வெச்சுட்டு உக்காந்தா, மயில் போயி, ஆடு போயி, நல்ல டேக் ஒண்ணு வந்துட்டு இருக்கறப்ப ஒண்ணேகாலுக்கே கரண்ட் வந்துருச்சு. கரண்ட் சீக்கிரம் வந்ததுக்கு வயிறெரிஞ்ச ஒரே ஆளு இந்த ஜில்லாவுலயே நானாத்தான் இருப்பேன். அதுக்கு முந்தி எடுத்ததெல்லாம் லெவல் எச்சாகி வெடிச்சுக் கெடக்கு. செவப்பு லைட் எரிஞ்சா அந்த டேக் போச்சுங்க, பொறகு ஒண்ணும் பண்ண முடியாது. பலமா அடிக்கற எடத்துல கூட ரீப்பர் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கற மாதிரி வெச்சுக்கங்க, 24 பிட்ல எடுத்தா சத்தத்தப் பின்னால தாராளமா ஏத்திக்கலாம்.

மூணாவது மாசம் கம்பி மாத்துனேன், அதுவும் ரெண்டு நாள் முன்னாலயே, ஏன்னா புதுக் கம்பி அன்னைக்கே மாத்துனா இழுத்துக்கிட்டே இருக்கும், சுதி நிக்காது. மைக்க கிட்டார் ஓட்டைக்கு நேரா வெக்காம, கழுத்துல பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேரா ஒரு சாண் தள்ளி வெச்சேன், பானைக்குள்ள வாசிச்ச மாதிரி குமுக்குனு வந்தது அதோட போச்சு. 9 மணிக்குக் கரண்ட் போச்சு, ஒன்பதரைக்கு மூணாவது டேக்லயே வந்துருச்சு. கிட்டார்ல கடைசி கார்ட (chord) அடிச்சுட்டு மூச்சக் கூட விடாம உக்காந்திருந்தேன், அது அடங்கறதுக்குள்ள பக்கத்து குடோன்ல ஜெனரேட்டர் போட்டு டக்குனு ஒரு தறி கெளம்பிருச்சு. அந்த டக்குக்கு முன்னாலயே ஃபேட் அவுட் பண்ணி மூடிட்டேன்.

ஈரோட்டுல இருக்கற பங்காளிக்கு அனுப்பிச்சேன், அவனும் கிட்டார்காரந்தான். கேட்டுட்டு "நல்லாருக்குடா, கடைசில மட்டும் ஏன் அப்படி வெடுக்குனு முடிச்சுட்ட?"ங்கறான்.