“எப்பிடித் தெரியும்?” எண்டு சொல்லித் தாற டைனோசர் புத்தகம்

மட்டக்களப்பு டவுன்ல புத்தகக் கடைக்குப் போய் புள்ளைகளுக்கு டைனோசர் புத்தகம் கேட்டா அனேகமா ஒரே மாதிரித்தான் எடுத்துத் தாறாங்க. பளபளப்பான அட்டை, வாயைப் பிளந்துகொண்டு நிக்கிற டி-ரெக்ஸ், உள்ளுக்க பக்கத்துக்கு ஒரு மிருகம், அதுட பேர், எத்தின அடி நீளம், என்ன தின்னும், அவ்வளவுதான். என்ட சின்னவன் அதையெல்லாம் ரெண்டு நாள்ல பாடமாக்கிப் போடுவான், பிறகு புத்தகம் ஒரு மூலையில கிடக்கும். ஏனெண்டா அவன் கேக்கிற கேள்விக்கு அதுக்குள்ள பதில் இல்ல. “அம்மா, இது பச்சைக் கலர் எண்டு ஆர் பாத்த?”

இது சின்னக் கேள்வி இல்ல. அரைவாசிக்கு மேல நிறங்கள் படம் கீறுறவங்க யோசிச்சுப் போட்டதுதான், ஆனா சிலதுக்கு உண்மையாவே விடை இருக்கு. 1996ல சீனாவுல சைனோசாரோப்டெரிக்ஸ் எண்டு ஒரு சின்ன டைனோசர் கிடைச்சது, உடம்பு முழுக்க மெல்லிசா இறகு மாதிரி நார். 2010ல அந்த நாருக்குள்ள இருந்த நிறத் துணிக்கைகளை மைக்ரோஸ்கோப்புல பாத்து, வால்ல செம்மண் நிறமும் வெள்ளையும் மாறி மாறி வளையமா இருந்திருக்கு எண்டு கண்டுபிடிச்சாங்க. இதை நான் சொன்ன அண்டைக்கு அவன்ட முகத்தைப் பாத்திருக்கோணும், பேர் பாடமாக்கேக்க இல்லாத ஒரு வெளிச்சம். அதிலயிருந்து எனக்கு ஒரு முடிவு, எப்பிடித் தெரியும் எண்டு சொல்லாத டைனோசர் புத்தகத்துக்கு நான் காசு குடுக்கிறதில்ல.

இகுவானோடன் எண்ட டைனோசர்ட கதை ஒண்டு போதும், ஒரு முழுப் புத்தகமே போடலாம். 1825ல மான்டெல் எண்ட டொக்டர் இங்கிலாந்துல கிடைச்ச பல்லுகளை வச்சுத்தான் அதுக்குப் பேர் வச்சார், எலும்புகளோட கிடைச்ச ஒரு கூரான முள்ளை மூக்குல கொம்பு மாதிரி வச்சுப் படமும் கீறினார். 1854ல லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவுல செஞ்சு வச்ச பெரிய சிலைகள்லயும் மூக்குலதான் கொம்பு, இண்டைக்கும் போய்ப் பாக்கலாம். பிறகு 1878ல பெல்ஜியத்துல நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள, 300 மீற்றருக்கும் கீழ, முழு எலும்புக்கூடுகளாவே கிடைச்சது. பாத்தா அது கொம்பே இல்ல, கைப் பெருவிரல் முள்ளு! சயன்ஸ் எண்டா என்ன எண்டு புள்ளைக்குச் சொல்லிக் குடுக்க இதை விட நல்ல கதை எனக்குத் தெரியல்ல.

கடையில நிக்கேக்க நான் பாக்கிற இன்னும் ரெண்டு மூண்டு விசயம் இருக்கு. பறக்கிற டெரோசரையும் முதுகுல பாய் விரிச்ச டைமெட்ரோடனையும் டைனோசர் எண்டு போட்டிருந்தா அந்தப் புத்தகத்தை அப்பிடியே திருப்பி வச்சிடுவன், டைமெட்ரோடன் டைனோசர் வர முதலே அழிஞ்சு போனது, சொந்தம் எண்டு பாத்தா அது எங்கட பாலூட்டிப் பக்கத்துக்குத்தான் கிட்ட. அட்டையில ஸ்டெகோசரசும் டி-ரெக்சும் சண்டை பிடிச்சாலும் அப்பிடித்தான். முதலாவது 15 கோடி வருசத்துக்கு முந்தியது, மற்றது 6 கோடி 60 லட்சம் வருசத்துக்கு முந்தி முடிஞ்சது, காலக் கணக்குல டி-ரெக்ஸ் ஸ்டெகோசரசை விட எங்களுக்குத்தான் கிட்ட. பறவைகளும் டைனோசர்தான் எண்டு சொல்லியிருந்தா சந்தோசமா வாங்குவன். வீட்டு ஊர்க்கோழிட காலைப் பிடிச்சு அந்தச் செதிலையும் நகத்தையும் காட்டினா புள்ளைக்கு வேற படமே தேவையில்ல.

ஆனா எனக்கு உண்மையா மனசுல கிடக்கிற குறை வேற. இதெல்லாம் அமெரிக்கா, சீனா, இங்கிலாந்து. “எங்கட ஊர்ல டைனோசர் இருந்ததா?” எண்டு அவன் குடும்பிமலையைப் பாத்துக் கேட்டான், அதுக்குத் தமிழ்ல ஒரு சிறுவர் புத்தகமும் என்ட கையில அம்பிடல்ல. பதில் எவ்வளவு அருமையான பதில் தெரியுமா? குடும்பிமலைக் கல்லு டைனோசர்களை விடப் பழசு. இலங்கையின்ட பெரும்பகுதி 50 கோடி வருசத்துக்கும் மேல பழமையான, நிலத்துக்கடியில சூட்டுலயும் அமுக்கத்துலயும் உருமாறின பாறை, அதுக்குள்ள எலும்பு தேடிப் பிரயோசனமில்ல. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லோ டைனோசர் எல்லாம் போய் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கடலுக்கடியில படிஞ்சது. நடுவுல, புத்தளம் பக்கம் தப்போவை மாதிரிச் சில இடங்கள்ல மட்டும், டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்துச் செடிகளின்ட தடம் கல்லுல இருக்கு. அந்த நேரம் இலங்கையும் இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒட்டிக்கொண்டு ஒரே நிலம். தமிழ்நாட்டுல அரியலூர்ப் பக்கம் டைனோசர் எலும்பே கிடைச்சிருக்கு, அங்க இப்ப சுண்ணாம்புக்கல் வெட்டுற இடமெல்லாம் ஒரு காலத்துல கடல்.

டைனோசருக்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வந்த மிருகங்கள் எண்டா இரத்தினபுரிதான். மாணிக்கக்கல் தோண்டுற குழிகளுக்குள்ள நீர்யானை, காண்டாமிருகம் எல்லாத்திட எலும்பும் பல்லும் கிடைச்சது, தெரணியகல எண்ட விஞ்ஞானி அதுகளை ஆராஞ்சு பேர் வச்சார். 1939ல குருவிட்ட பக்கம் கிடைச்ச பல்லை வச்சு இந்தத் தீவுல சிங்கமும் இருந்திருக்கு எண்டு எழுதினார். கொடியில சிங்கம் இருக்கு, காட்டுல ஏன் இல்ல எண்டு கேக்காத புள்ளை எங்க இருக்கு? இப்ப இதுகள் ஒண்டும் எங்கட காடுகள்ல இல்ல, யானை மட்டும் மிஞ்சி நிக்கிது, படுவான்கரைப் பக்கம் இருக்கிற புள்ளைகளுக்கு அதைப் பத்திச் சொல்லத் தேவையில்ல.

ஒரு மாணிக்கக் குழி, அதுக்குள்ள இறங்கிற ஆள், சேறு கழுவேக்க கல்லுக்குப் பதிலா வாற ஒரு பெரிய பல்லு, அது ஆர்ட பல்லு எண்டு கண்டுபிடிக்கிற விதம். இதை 24 பக்கத்துல, நல்ல கலர் படத்தோட, எங்கட புள்ளைகள் பேசுற தமிழ்ல போடலாம். நான் எழுதத் தொடங்கிட்டன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மிருகங்களை எலும்புக் கணக்குத் தப்பாமக் கீறத் தெரிஞ்ச ஆரும் இருந்தா கீழ ஒரு வார்த்தை போடுங்க, நீர்யானையிலயிருந்து தொடங்குவம்.