சேவைவழிக் கற்றலைப் பள்ளி முழுக்கக் கொண்டுபோவது எப்படி?

சேவைவழிக் கற்றல் என்றால் பிறருக்கு உதவும் ஒரு வேலையைச் செய்துகொண்டே அதன் வழியாகப் பாடத்தையும் படிப்பது. மரம் நடுவதும் குப்பை பொறுக்குவதும் நல்ல காரியம்தான். ஆனால் பாடத்தோடு சம்பந்தம் இல்லையென்றால் அது வெறும் தொண்டு. அதை அப்படியே எல்லாப் பள்ளிகளுக்கும் விரித்தால் மிஞ்சுவது போட்டோவும் சான்றிதழும்தான்.

ஏழாம் வகுப்புக்கு எளிய ஒரு வேலை: பள்ளியில் ஒழுகும் குழாய்கள். குழாயடியில் 100 மி.லி. அளவுக் குவளையை வைத்துப் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். 30 மி.லி. சேர்ந்தால், அந்தக் குழாய் ஒரு நாளில் சுமார் 4.3 லிட்டரை வீணாக்குகிறது. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். தொட்டியில் நீர் குறைந்தால் அழுத்தமும் குறையும், கணக்கு மாறும். சராசரி, விகிதம், வரைபடம் மூன்றும் இதிலேயே வந்துவிடும். தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பம் மொழிப்பாடம். வாஷர் மாற்றிய பிறகு திரும்பவும் அளக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது அளவுதான். அது இல்லாமல் தாங்கள் செய்தது பலித்ததா என்று பிள்ளைகளுக்கே தெரியாது.

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் "மகிழ்ச்சியாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். "உங்கள் அளவும் பக்கத்துக் குழுவின் அளவும் ஏன் வேறுபட்டன?" என்று கேளுங்கள். தொடங்கும் முன், நடுவில், முடிவில் என்று மூன்று தடவையாவது இப்படி யோசிக்க வையுங்கள்.

முதல் வருடம் ஒரு வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், ஆறு வாரம் போதும். புதுப் பீரியட் கேட்காதீர்கள், கிடைக்காது. விகிதப் பாடத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கிய பீரியட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இருவருக்கும் வாரம் ஒரு பீரியட் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும்படி டைம்டேபிள் போட்டாக வேண்டும். இதற்குச் சம்மதிக்காத நிர்வாகம் வேறு எதற்குச் சம்மதித்தும் பயனில்லை.

பாடத்திட்டம், பெற்றோர் ஒப்புதல் கடிதம், அளவு எழுதும் படிவம், சொதப்பியவற்றின் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் கோப்பு பள்ளியிலேயே இருக்கும். அடுத்த வருடம் இன்னொரு வகுப்புக்கு அதையே கொடுக்கலாம்.

வெளியே போகும் வேலையென்றால் முதலில் அங்கே இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். ஒரே முதியோர் இல்லத்துக்கு ஒரே வாரத்தில் ஐந்து பள்ளிகள் போய் நின்றால், அங்குள்ளவர்களுக்குப் பிள்ளைகளைச் சமாளிப்பதே வேலையாகிவிடும். வட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு நாட்காட்டி இருந்தால் இது நடக்காது.

மணிக்கணக்கைக் கட்டாயமாக்குவது பற்றி: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992-ல் பள்ளிப்படிப்பை முடிக்க 75 மணி நேரச் சேவைவழிக் கற்றலைக் கட்டாயமாக்கியது. தயாரிப்பும் பின்யோசனையும் அதில் அடங்கும். மாவட்டங்கள் ஒப்புதல் பெற்றுத் தங்கள் சொந்தத் திட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம். மணிக்கணக்கை மட்டும் நகலெடுப்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். பிறகு பிள்ளைகள் கையெழுத்து வாங்குவதற்காகவே அலைவார்கள்.