ஆர்பிஎல் வைத்து ஸ்பேமைத் தடுப்பது: மெயில் சர்வர் தேர்வுக்கும் லேபுக்கும் தயாராகிறவர்களுக்கு

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான எல்பிஐசி-2 சான்றிதழின் 202ஆம் தாளில் 60 கேள்விகள், 90 நிமிடம். மின்னஞ்சல் பகுதிக்கு மொத்த எடை 8. அதில் பாதி, போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற சர்வரை அமைப்பதற்கே போகிறது. அஞ்சலை ஏற்கக் கூடாத முகவரிகளின் பொதுப் பட்டியலான ஆர்பிஎல் என்ற பெயரில் தனிக் கேள்வி வராமலும் போகலாம். ஆனால் உண்மையான ஒரு சர்வரைக் கையில் எடுத்த முதல் வாரமே இது தேவைப்படும். படிக்கிறவர்கள் பெரும்பாலும் ‘ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட்’ என்ற ஒரே வரியை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது என்பதுதான் இந்தப் பாடமே. அதனால் அமைப்புக் கோப்பைக் கடைசியாகத் திறங்கள், முதலில் டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி தேடித் தரும் அமைப்பு).

ஆர்பிஎல் என்பது டிஎன்எஸ்ஸில் கேட்கும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். 192.0.2.10 என்ற முகவரியிலிருந்து இணைப்பு வந்தால், எண்களைத் தலைகீழாக்கி 10.2.0.192 என்று எழுதி, அதன் பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி ‘ஏ’ ரெக்கார்டு (அந்தப் பெயருக்குரிய ஐபிவி4 முகவரி) கேட்க வேண்டும். 127.0.0 என்று தொடங்கும் பதில் வந்தால் அந்த முகவரி பட்டியலில் இருக்கிறது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் பட்டியலில் இல்லை. ஐபிவி6 என்றால் 32 ஹெக்ஸ் இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5782 ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது: ஐபிவி4 பட்டியல் எதுவானாலும் 127.0.0.2 அதில் இருக்க வேண்டும், 127.0.0.1 இருக்கக் கூடாது. ஆகவே முதல் பயிற்சி, டிஎன்எஸ்ஸைக் கேட்கும் ‘டிக்’ கட்டளையில் ஸ்பாம்ஹாஸ் நிறுவனத்தின் ஜென் பட்டியலை 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஓஆர்ஜி என்று கேட்பது. 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 மூன்றும் வரும்.

கடைசி எண்ணுக்குப் பொருள் உண்டு. ஜென் பட்டியல் பல பட்டியல்களின் தொகுப்பு: 2 என்றால் எஸ்பிஎல் (தெரிந்த ஸ்பேம் மூலங்கள்), 3 என்றால் சிஎஸ்எஸ் (நற்பெயர் குறைந்த அனுப்புநர்கள்), 4 முதல் 7 வரை எக்ஸ்பிஎல் (வைரஸ் பிடித்த, கைப்பற்றப்பட்ட கணினிகள்), 10, 11 இரண்டும் பிபிஎல். இவற்றில் பிபிஎல்லை மட்டும் தனியாகப் புரிந்துகொள்ளுங்கள். அது குற்றவாளிப் பட்டியல் அல்ல. வீட்டு பிராட்பேண்ட் போல, நேரடியாக மெயில் சர்வர்களுக்கு அஞ்சல் அனுப்ப வேண்டியதில்லாத முகவரிகளின் பட்டியல். கீழே சொல்லப்போகும் வரிசைச் சிக்கல் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

127.255.255 என்று தொடங்கும் பதில் வந்தால் அது பட்டியல் பதிலே அல்ல, பிழைச் செய்தி. 252 என்றால் பட்டியலின் பெயரைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள். 254 என்றால் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டிருக்கிறீர்கள். 255 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள். போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியல் பெயரை மட்டும் எழுதினால், எந்தப் பதில் வந்தாலும் ‘இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வந்த கணத்தில் எல்லா அஞ்சலும் திரும்பிப் போகும். எனவே பெயருக்குப் பின்னால் சமக்குறி போட்டு 127.0.0.[2..11] என்று வடிகட்டி சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

பழைய வழிகாட்டிகளில் இருக்கும் பட்டியல் பெயர்களை அப்படியே ஒட்டுவதும் ஆபத்து. ஓஆர்டிபி 2006 டிசம்பரில் மூடப்பட்டது; 2008 மார்ச்சில் கேட்ட எல்லா முகவரிக்கும் ‘இருக்கிறது’ என்று பதில் சொல்லத் தொடங்கியது. சோர்ப்ஸ் 2024 ஜூனில் நின்றுபோனது. சேர்க்கும் ஒவ்வொரு பட்டியலையும் 127.0.0.1, 127.0.0.2 இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொது டிஎன்எஸ்ஸைத் தவிர்க்க, அதே கணினியில் அன்பவுண்டை (டிஎன்எஸ் பதில்களைத் தேடித் தரும் ரிசால்வர் மென்பொருள்) நிறுவி, யாருக்கும் கேள்வியை ஃபார்வர்டு செய்யாமல் தானே தேடும்படி விடுங்கள். இங்கே மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். உபுண்டுவில் 127.0.0.53 என்று தெரிவது உள்ளூர் ரிசால்வர் போலத் தோன்றும். உண்மையில் அது கேள்வியை வெளியே தள்ளிவிடும் இடைத்தரகர். அடுத்தது, அன்பவுண்டின் ‘பிரைவேட் அட்ரஸ்’ அமைப்பில் 127.0.0.0/8ஐச் சேர்த்தால், பட்டியல் தரும் பதில்களையே அது வெட்டி எறிந்துவிடும். மூன்றாவது டெபியன் வகையில் வரும் சிக்கல்: அங்கே பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபிடி (அஞ்சலைப் பெறும் பகுதி) குரூட்டுக்குள், அதாவது வெளிக் கோப்புகளைப் பார்க்க முடியாத தனி அடைப்புக்குள் ஓடுகிறது, ரிசால்வர் கோப்பின் தனி நகல் ஒன்றை வைத்திருக்கிறது. நீங்கள் ரிசால்வரை மாற்றிய பிறகு போஸ்ட்ஃபிக்ஸை மறுதொடக்கம் செய்யாவிட்டால் பழைய நகலே ஓடும். ‘டிக்’ சரியான பதில் தருகிறது, சர்வர் மட்டும் தடுக்க மறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இனி வரிசை. கட்டுப்பாடுகள் எழுதிய வரிசையிலேயே பார்க்கப்படும். முதலில் சொந்த நெட்வொர்க்கை அனுமதி, அடுத்து கடவுச்சொல் சொல்லி நுழைந்தவரை அனுமதி, பிறகு நமக்குச் சம்பந்தமில்லாத முகவரிக்கு வந்ததை மறுப்பு, அதன் பின்னரே ஆர்பிஎல். வரிசையை மாற்றி ஆர்பிஎல்லை மேலே வைத்தால், வீட்டிலிருந்து அஞ்சல் அனுப்பும் உங்கள் ஊழியரே பிபிஎல்லில் சிக்கி 554 வாங்குவார். கடவுச்சொல் சொல்லி அஞ்சல் அனுப்புவதற்கான 587 போர்ட்டுக்கு ஆர்பிஎல்லே வேண்டாம்.

சோதனையில் ஏமாற வேண்டாம். ‘டிலே ரிஜெக்ட்’ இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால், இணைத்த உடனே மறுப்பு வராது. பெறுநர் முகவரியைக் கொடுத்த பிறகே வரும். வேறு முகவரியிலிருந்து வருவதுபோல நடிக்க எக்ஸ்கிளையன்ட் கட்டளை இருக்கிறது, அதற்கு 127.0.0.1க்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்க வேண்டும். ஆனால் 127.0.0.2 என்று நடித்தால் சோதனை பொய்த்துப் போகும், ஏனென்றால் அது சொந்த நெட்வொர்க்கில் அடங்கிவிடும். அன்பவுண்டிலேயே ஒரு பயிற்சி மண்டலம் உருவாக்கி, 192.0.2.10க்கு 127.0.0.2 என்று பதில் வைத்து, அந்த முகவரியாக நடியுங்கள். வெளிப் பட்டியல் எதையும் தொந்தரவு செய்யாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

எஸ்எம்டிபிடிக்கு முன்னால் நின்று இணைப்புகளை வடிகட்டும் போஸ்ட்ஃபிக்ஸின் பகுதியான போஸ்ட்ஸ்கிரீன் அடுத்த கட்டம். பட்டியல்களுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கிறது. தொடக்கத்துக்கு ஜென் 3, பாரகுடா 2 (முன்பதிவு தேவை), ஸ்பாம்காப் 1, தடுக்கும் எல்லை 3 என்று வைத்தால் போதும். அப்போது பாரகுடாவோ ஸ்பாம்காப்போ தனியாக எவரையும் தடுக்க முடியாது. நல்ல சர்வர்களின் பட்டியலுக்குக் கழித்தல் மதிப்பும் கொடுக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் போஸ்ட்ஸ்கிரீனின் அதிகபட்சச் செயல் (ப்ராசஸ்) எண்ணிக்கை 1ஆக இருக்க வேண்டும். எக்ஸ்கிளையன்ட் இங்கே செல்லாது.

உண்மையான சர்வரில் ஏற்றும்போது, ஆர்பிஎல் வரிக்கு முன்னால் ‘வார்ன் இஃப் ரிஜெக்ட்’ சேர்த்து ஒரு வாரம் ஓட விடுங்கள். தடுக்காமல் லாகில் மட்டும் எழுதும். யாரெல்லாம் சிக்கியிருப்பார்கள் என்று அதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். அதே லாகில் வருகிற எல்லா இணைப்பும் 172.17.0.1 என்று தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் உண்மையான முகவரியை மறைக்கிறது என்று பொருள். அந்த முகவரியை எந்தப் பட்டியலில் கேட்டும் பயனில்லை. அது சொந்த நெட்வொர்க்காகவும் எழுதப்பட்டிருந்தால் சர்வர் ஏற்கெனவே திறந்த ரிலே (யார் வேண்டுமானாலும் அதன் வழியாக எங்கும் அஞ்சல் அனுப்பலாம்), அதைத்தான் முதலில் மூட வேண்டும்.