இரண்டு கேட்சர்களும் 260 டாலரும்

2025 மார்ச் 8, சனி

நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் மைதானத்தில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடும் எங்கள் ஃபேண்டஸி பேஸ்பால் லீக்கின் ஏலத்துக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு அணிகள், அணிக்கு 23 ஆட்டக்காரர்கள், அணி உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் 260 டாலர் கற்பனைப் பணம். 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய பழைய முறையைத்தான் நாங்கள் இன்றும் பின்பற்றுகிறோம் என்பதால், அந்த 23 பேரில் இருவர் கேட்சர்களாக, அதாவது அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்களாக, இருந்தே ஆக வேண்டும். ஒரு கேட்சர் போதும் என்று பல லீக்குகள் எப்போதோ மாறிவிட்டன. மாறாமல் இருப்பதால்தான் எங்கள் ஏலத்தில் சுவை கூடுகிறது என்பது என் எண்ணம்.

அணிக்கு இருவர் என்றால் மொத்தம் 24 கேட்சர்கள் விலைபோக வேண்டும். நிஜ பேஸ்பாலின் உயர்மட்டமான மேஜர் லீக்கில் இருப்பவையோ 30 அணிகள். ஆகவே கடைசியாக விலைபோகும் கேட்சர் வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் இறங்கி, .210 அளவில், அதாவது நூறு முறை நின்றால் 21 ஹிட் என்ற சராசரியில், அடிக்கும் ஒருவராகத்தான் இருப்பார். அவுட்ஃபீல்டில் இந்த நெருக்கடி கிடையாது. அங்கே கடைசி டாலருக்குக் கிடைப்பவர்கூட நாள்தோறும் ஆடுவார். ஒரு கேட்சரின் விலையை அந்த இருபத்து நான்காவது ஆளிலிருந்து அவர் எவ்வளவு உயர்ந்து நிற்கிறார் என்று அளக்க வேண்டுமே தவிர, மற்ற இடங்களில் ஆடுபவர்களோடு நிறுத்திப் பார்க்கக் கூடாது.

மார்ச் 12, புதன்

சியாட்டிலின் கேட்சர் கால் ராலியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் லீக்கில் அனைவரும் '.220' என்கிறார்கள். சென்ற ஆண்டு அவர் 34 ஹோம் ரன்களும் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) 100 ஆர்.பி.ஐ.யும் (தன் அடியால் அணிக்குக் கொண்டுவந்த ரன்கள்) எடுத்ததை அந்த ஒற்றை எண் மறைத்துவிடுகிறது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். என் அணி முழுவதும் ஓர் ஆண்டில் சுமார் 7,000 முறை அடிக்க நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 550 முறை நிற்கும் ஒருவர் .260-க்குப் பதிலாக .220 அடித்தால் எனக்குக் குறைவது 22 ஹிட்டுகள். அணியின் சராசரி ஏறத்தாழ .003 மட்டுமே இறங்கும். நெருக்கமான லீக்கில் அதுவும் ஓரிரு இடங்களைப் பறிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இழப்பை ஒரு நல்ல இரண்டாம் பேஸ்மேனைக் கொண்டு ஈடுகட்டிவிடலாம். கேட்சர் இடத்தில் 34 ஹோம் ரன்களை வேறெங்கே போய்த் தேடுவது?

மார்ச் 16, ஞாயிறு

இன்று முழுவதும் பட்டியலோடு கழிந்தது. திறமையை வைத்து அடுக்குவதை விட்டுவிட்டு, யார் எத்தனை நாள் மட்டையோடு இறங்குவார் என்ற ஒரே கேள்வியை வைத்து அடுக்கினேன்.

கேட்சரின் வேலை உடம்பைத் தின்னும் வேலை. ஓர் ஆட்டத்தில் 150 வாக்கில் வரும் பந்துகளுக்குக் குந்தி எழ வேண்டும். மட்டையின் விளிம்பில் உரசித் திரும்பும் பந்து முகமூடியிலோ, கையுறைக்கு வெளியே நீட்டிய கட்டைவிரலிலோ வந்து அறையும். விக்கெட் கீப்பரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு, இவர்களை ஏன் வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார வைக்கிறார்கள் என்பது விளங்காது. அந்த ஓய்வு நாளில் ஒருவர் டி.ஹெச்.சாக, அதாவது அடிப்பதற்கு மட்டும் இறங்குகிறாரா, அல்லது பெஞ்சிலேயே இருந்துவிடுகிறாரா என்பதில்தான் விலை வேறுபாடு இருக்கிறது.

மில்வாக்கியின் வில்லியம் கான்ட்ரேரஸ் அப்படி இறங்கியதால்தான் சென்ற ஆண்டு 155 ஆட்டங்கள் ஆடினார். 99 ரன், 23 ஹோம் ரன், .281. கேன்சஸ் சிட்டியின் சால்வடோர் பெரேஸ் முதல் பேஸிலும் டி.ஹெச். ஆகவும் மாறி மாறி நின்று 158 ஆட்டங்களில் 104 ஆர்.பி.ஐ. எடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸின் வில் ஸ்மித்துக்கோ அந்த வழி அடைபட்டுவிட்டது. டாட்ஜர்ஸ் அணியில் டி.ஹெச். இடம் ஓட்டானிக்கு எழுதிக்கொடுத்தது போலாகிவிட்டதால், ஸ்மித் குந்தாத நாளில் அடிப்பதும் இல்லை. 128 ஆட்டங்களோடு நின்றுவிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் ஷ்வார்பர் அந்த இடத்தில் இருக்கும்வரை ரியல்முட்டோவுக்கும் இதே நிலைதான்; போதாக்குறைக்குச் சென்ற ஆண்டு முழங்கால் அறுவைசிகிச்சை வேறு.

பால்டிமோரின் அட்லி ரட்ச்மன் விஷயத்தில் எனக்குத் துணிவு வரவில்லை. பெயர் பெரிது, அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் 2019-இன் முதல் ஆள் என்ற பெருமையும் உண்டு. ஆனால் சென்ற ஆண்டின் பின்பாதியில் அவருடைய மட்டை அடங்கிப்போனது. பெயருக்காகக் கூடுதலாக ஐந்து டாலர் கொடுக்க என்னிடம் பணமில்லை.

ஷே லாங்கலியர்ஸுக்கு மட்டும் என் விதியைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறேன். அத்லெடிக்ஸ் அணியில் ரூக்கர் இருப்பதால் அவருக்கு டி.ஹெச். நாட்கள் மிகுதியாகக் கிடைக்காது. ஆயினும் அணி ஓக்லண்டை விட்டு சாக்ரமெண்டோவுக்குப் போகிறது. ஓக்லண்ட் மைதானத்தின் ஃபவுல் பகுதி, அதாவது ஆட்டக் கோடுகளுக்கு வெளியே உள்ள இடம், மிக விசாலமானது. வேறு ஊரில் பார்வையாளர் வரிசையில் விழும் பந்து அங்கே கேட்ச் ஆகிவிடும். அங்கே ஆடியே 29 ஹோம் ரன் அடித்தவர், சிறிய மைதானத்தில் குறைந்துபோக மாட்டார்.

மார்ச் 22, சனி

ஏலம் முடிந்தது. என் முறை வந்ததும் முதலிலேயே கான்ட்ரேரஸின் பெயரைச் சொன்னேன். வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லாருடைய பையும் கனமாக இருக்கும்போது அவர் போனால் மற்றவர்களின் பணம் கரையும் என்பதற்காகத்தான். 24 டாலருக்குப் போனார். ரட்ச்மன் 19.

ராலிக்கு 16 வரை ஏறினேன். திரையில் எண்கள் ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி ஒன்றில் நிற்கும்போது 17 என்று வந்தது. 18 என்று தட்டியிருக்கலாம். அந்த இரண்டு டாலர் எனக்கு இரண்டாவது கேட்சருக்குத் தேவைப்பட்டது. பெரேஸ் 14-க்கும் லாங்கலியர்ஸ் 9-க்கும் கிடைத்தார்கள். பெரேஸுக்கு மே மாதம் 35 வயது ஆகிறது என்று ஒருவர் நினைவூட்டினார். அந்த வயதுதான் விலையை 14-இல் நிறுத்தியது.

இறுதியில் நான்கு பேர் கையில் ஆளுக்கு ஒரு டாலரோடு, மிச்சமிருந்த மாற்றுக் கேட்சர்களின் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 26, புதன்

ராலிக்கு சியாட்டில் ஆறு ஆண்டுகளுக்கு 10.5 கோடி டாலர் ஒப்பந்தம் தந்திருக்கிறது. 17 டாலர்காரர் குழுவில் பட்டாசு வெடிக்கிறார். ஒப்பந்தத்தால் ஒரு ஹோம் ரன்னும் கூடப்போவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராலி இன்று இரண்டு ஹோம் ரன் அடித்து 49-ஐத் தொட்டுவிட்டார். எதிரணி அத்லெடிக்ஸ், என் லாங்கலியர்ஸின் அணி. முறிந்துபோன சாதனையும், ஒரு சீசனில் ஒரு கேட்சர் அடித்த அதிக ஹோம் ரன் என்று 2021-இல் என் பெரேஸ் வைத்த 48. என் இரண்டு கேட்சர்களும் ஒரே நாளில் இப்படி மாட்டிக்கொள்ள வேண்டுமா!

ரட்ச்மன் விலாத் தசைக் காயத்தால் இரண்டாவது முறையாக வெளியே இருக்கிறார்.

செப்டம்பர் 29, திங்கள்

சீசன் கணக்கு வந்துவிட்டது. பெரேஸ் 30, லாங்கலியர்ஸ் 31. இருவரும் சேர்ந்து 61 ஹோம் ரன், விலை 23 டாலர். ராலி ஒருவரே 60 ஹோம் ரன், 125 ஆர்.பி.ஐ., .247, விலை 17. ஆனால் அவருடைய உரிமையாளரின் இரண்டாவது இடத்தில் ஆண்டு முழுவதும் ஒரு டாலர் ஆட்கள் மாறி மாறி வந்துபோனார்கள். ரட்ச்மனோ 90 ஆட்டங்களில் ஒன்பதே ஹோம் ரன்.

அடுத்த மார்ச்சில் ராலியின் விலை நாற்பதை நெருங்கும் என்று குழுவில் பேசிக்கொள்கிறார்கள். 60 ஹோம் ரன் அடித்தவர் மறு ஆண்டு 40 அடித்தாலே பெரிது. 159 ஆட்டங்கள் ஆடிய உடம்பு வேறு. என் தாளில் அவருக்கு எதிரே 28 என்று எழுதியிருக்கிறேன், லாங்கலியர்ஸுக்கு 15.