வீதி அஞ்சலட்டையின் வயதைக் கணிப்பது

பழைய வீதிப் பட அட்டை கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். நடுக்கோடு போட்டு முகவரியையும் சேதியையும் பிரிக்கும் முறை பிரிட்டனில் 1902-இல் வந்தது, அமெரிக்காவில் 1907-இல். அதற்கு முன் சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுதினார்கள். அந்தக் கிறுக்கலைக் கறை என்று ஒதுக்காதீர்கள்.

அஞ்சல் முத்திரையை நம்பிப் படத்துக்குத் தேதி போடக்கூடாது. ஒரே நெகட்டிவை வருடக்கணக்கில் அச்சிட்டு விற்றார்கள். டிராம் கம்பி, விளக்குக் கம்பம், கடைப்பலகை இவைதான் சாட்சி. (வண்ணம் பூசியவர்கள் சிலசமயம் கம்பிகளையே அழித்துவிடுவார்கள்!)

10 மடங்கு லென்ஸில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தெரியாவிட்டாலும் அசல் புகைப்படம் என்று அதிக விலை கொடுத்துவிடாதீர்கள். கொலோடைப் என்ற பழைய அச்சு முறையில் புள்ளி இருக்காது, நெளிநெளியான நுண்சுருக்கம்தான் இருக்கும்.

அட்டையைப் போட்டுவைக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் பிசுபிசுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையே நல்லது.